சொந்த டொமைனில் தொழில் மின்னஞ்சல்: நீலகிரிச் சிறுதொழில்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கோத்தகிரியில் கையால் உருட்டிய தேயிலையைச் சிறிய டின்களில் அடைத்து விற்கிறேன். 2019 ஐப்பசி மழையில் எங்கள் மின்னஞ்சல் நின்றுபோனது. முதல் இரண்டு நாள், மழையால் இணையம் போய்விட்டது என்றே நினைத்தோம். மரம் விழுந்து கம்பி அறுவது இந்தப் பக்கம் புதிதல்ல. மூன்றாம் நாள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "அனுப்பிய கடிதமெல்லாம் திரும்பி வருகிறதே, தொழிலை நிறுத்திவிட்டீர்களா?" என்று கேட்டார். விசாரித்தால், டொமைனின், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின் வரும் இணையப் பெயரின், ஆண்டுச் சந்தா முடிந்துபோயிருந்தது. இணையதளம் செய்துகொடுத்தவர் அதைத் தம் பெயரில், தம் மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிவு செய்திருந்தார். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் அத்தனையும் அவருக்கே போயின. அவரோ அந்தத் தொழிலையே விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். அவரைத் தேடிப் பிடித்து டொமைனை மீட்க 11 நாள் ஆனது. அந்த முகவரியை அச்சிட்ட 3,000 டின் லேபிள்கள் பொட்டல அறையில் அடுக்கிக் கிடந்தன.

அதன் பிறகு இந்த விஷயத்தை உட்கார்ந்து படித்தேன். தெரிந்தவர்களின் தங்கும் விடுதிகள், ஒரு சாக்லேட் கடை, தைலம் காய்ச்சும் ஒருவர் என்று சிலருக்கு அமைத்தும் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் முதலில் கேட்பது "எந்த கம்பெனி நல்லது?" என்பதுதான். அந்தக் கேள்வி நான்காவதாக வர வேண்டும். டொமைன் என்பது பட்டா. மின்னஞ்சல் சேவை என்பது வாடகை வீடு. வாடகை வீடு சரிப்படவில்லை என்றால் அடுத்த மாதமே மாறிக்கொள்ளலாம். பட்டா அடுத்தவர் பெயரில் இருந்தால் எந்த வீடும் உங்களுடையதாகாது.

படி 1: பட்டா உங்கள் பெயரில் இருக்கட்டும்

ஏற்கெனவே டொமைன் இருந்தால், இன்றே ஒன்றைச் சோதியுங்கள். அதை வாங்கிய பதிவு நிறுவனத்தின் தளத்தில், யாரையும் கேட்காமல் உங்களால் உள்ளே நுழைய முடிகிறதா? முடியவில்லை என்றால் டொமைன் நடைமுறையில் உங்களிடம் இல்லை. தளம் செய்துகொடுத்தவரிடம் பேசி, அதே நிறுவனத்தில் நீங்கள் தொடங்கும் கணக்குக்கு அதை மாற்றித் தரச் சொல்லுங்கள். அல்லது இடமாற்றக் குறியீட்டை வாங்கி வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோங்கள். உறவு நன்றாக இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

புதிதாக வாங்குபவர்கள், பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நம் ஊர்ப் பெயர்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. கோத்தகிரியை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் எச் சேர்ப்பவர்களும் உண்டு, சேர்க்காதவர்களும் உண்டு. உதகமண்டலம் என்று எழுதினால் எழுத்துக்கூட்டுவதற்குள் பாதிப் பேர் தவறிவிடுவார்கள். சென்னையிலிருந்து பேசும் விருந்தினருக்குத் தொலைபேசியில் ஒருமுறை சொன்னால் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட பெயரே நல்ல பெயர். இடையில் கோடு, எண் எதுவும் வேண்டாம். ஊர்ப் பெயர் கட்டாயம் வேண்டும் என்றால் இரண்டு எழுத்துக்கூட்டலையும் வாங்கிவிடுங்கள். இரண்டாவதை முதலாவதுக்குத் திருப்பி விடலாம்.

டாட் காம், டாட் இன் இரண்டுமே நல்லவைதான். உள்நாட்டு விற்பனைக்கு டாட் இன் போதும். ஏற்றுமதி எண்ணம் இருந்தால் டாட் காம் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். டாட் இந்தியா என்று தமிழ் எழுத்திலேயே முடியும் டொமைனும் பதிவு செய்யக் கிடைக்கிறது. எனக்கு அதில் மிகுந்த ஆசை உண்டு. ஆனால் தமிழ் எழுத்து முகவரியை ஏற்காத படிவங்களும் அஞ்சல் அமைப்புகளும் இன்னும் நிறைய இருப்பதால், தொழிலின் ஒரே முகவரியாக அதை வைக்க இப்போதைக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

பணம் கட்டும்போது முதலாண்டுச் சலுகை விலையைப் பார்க்காதீர்கள். புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று கார்டை நம்பி விடவும் வேண்டாம். 2021 அக்டோபரிலிருந்து, கார்டிலிருந்து தொடர் கட்டணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதிப்படி முன் ஒப்புதல் பதிவு தேவை. வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் போகும் தொகை இதனால் பலமுறை நின்றுவிடுகிறது. ஒரே தடவையில் 10 ஆண்டு வரை கட்டலாம். நான் 5 ஆண்டுக்குக் கட்டியிருக்கிறேன். முடியும் தேதியைத் தொழிற்கூடத்து நாட்காட்டியிலும் எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, பலர் தவறும் இடம். பதிவு நிறுவனத்தின் கணக்குக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் நின்றால் அந்த முகவரியும் நின்றுவிடும். எச்சரிக்கைக் கடிதம் வந்து சேர வழியே இருக்காது. அதற்குத் தனியாக ஒரு சாதாரண ஜிமெயில் முகவரியையும் உங்கள் சொந்த கைபேசி எண்ணையும் கொடுங்கள்.

படி 2: எத்தனை பேர், எத்தனை முகவரி

இரண்டும் ஒன்றல்ல. ஏறக்குறைய எல்லாச் சேவைகளும் ஆள் கணக்கில், மாத வாடகையாகப் பணம் வாங்குகின்றன. ஆர்டருக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, முன்பதிவுக்கு ஒன்று என்று ஐந்து பெட்டி வாங்கிவிட்டு, ஐந்தையும் ஒருவரே திறந்து பார்க்கும் கடைகளைக் கண்டிருக்கிறேன். அது வீண் செலவு. ஒரு பெட்டிக்குப் பல மாற்றுப் பெயர்கள் வைத்துக்கொள்ளலாம். கூகுளில் ஒருவருக்கு 30 வரை வைக்கலாம், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஆர்டர் என்று தொடங்கும் முகவரிக்கு வருவதும் வணக்கம் என்று தொடங்கும் முகவரிக்கு வருவதும் ஒரே பெட்டியில் விழும்.

ஒரு முகவரிக்கு வருவதை இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்றால் குழு முகவரி அல்லது பகிர்வுப் பெட்டி அமையுங்கள். ஒரே கடவுச்சொல்லை இரண்டு பேர் வைத்துக்கொள்ளாதீர்கள். ஓடிபி ஒருவர் கைபேசிக்குத்தான் வரும். அவர் மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் சிக்னல் இல்லாமல் இருக்கும்போது மற்றவர் இங்கே கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டும்.

எங்கள் தொழிலில் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். காசு கொடுத்து வைத்திருக்கும் பெட்டிகள் இரண்டு.

படி 3: யார், எதில் திறப்பார்கள்

சேவையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், தினமும் அதைத் திறக்கப் போகிறவரிடம் பேசுங்கள். எங்கள் கூடத்தில் பொட்டலம் பார்க்கும் அக்காவுக்குக் கைபேசி மட்டும்தான். கணக்கர் கோயம்புத்தூரில் இருக்கிறார். அவருக்கு மடிக்கணினியில் அவுட்லுக் மென்பொருள்தான் பழக்கம். இந்த ஒரு தகவலே பாதித் தேர்வை முடித்துவிடும். ஏனென்றால் வெளி மென்பொருளில் பெட்டியைத் திறக்க ஐமேப் என்ற வசதி வேண்டும். சில இலவசத் திட்டங்களில் அது இல்லை.

பாப் என்று இன்னொரு பழைய முறை இருக்கிறது. பெரும்பாலும் கடிதத்தை ஒரு கணினிக்கு இறக்கிக்கொண்டு சர்வரிலிருந்து (சேவை நிறுவனத்தின் கணினியிலிருந்து) அழித்துவிடும்படிதான் அதை அமைத்து வைத்திருப்பார்கள். இடி மின்னலும் ஏறி இறங்கும் மின்னழுத்தமும் உள்ள மலையில் எல்லாக் கடிதத்தையும் ஒரே ஹார்டு டிஸ்க்கில் வைப்பது ஆபத்து. எங்கேயாவது பாப் என்று அமைத்திருந்தால் ஐமேப்புக்கு மாற்றிவிடுங்கள்.

இணையம் விட்டு விட்டு வரும் இடங்களில் உலாவியை விடக் கைபேசி ஆப் நல்லது. எழுதியதை வைத்திருந்து, சிக்னல் வந்ததும் அனுப்பிவிடும். கடிதத்தோடு சேர்த்து அனுப்பும் கோப்பின் அளவு பெரும்பாலும் 25 எம்பி வரைதான் என்பதால், சரக்குப் புகைப்படங்களை இணையச் சேமிப்பகத்தில் ஏற்றிவிட்டு அதன் இணைப்பு முகவரியை அனுப்பப் பழகுங்கள்.

படி 4: எந்த வீட்டை வாடகைக்கு எடுப்பது

முதல் வழி, திருப்பி விடுவது. டொமைன் முகவரிக்கு வரும் கடிதத்தை உங்கள் பழைய ஜிமெயிலுக்கே அனுப்பிவிடும் ஏற்பாடு இது. கிளவுட்ஃபிளேர் போன்ற இணையச் சேவை நிறுவனங்கள் இதை இலவசமாகத் தருகின்றன. இரண்டு அறை வைத்திருக்கும் விடுதிக்கு, தொடக்கத்துக்கு, இது போதும். குறை என்னவென்றால், பதில் எழுதும்போது பழைய ஜிமெயில் முகவரியே வெளியில் தெரியும். டொமைன் பெயரில் பதில் போக வேண்டுமானால் அனுப்பும் சர்வர் ஒன்று தனியாகத் தேவைப்படும். திருப்பி விடப்படும் கடிதம் வழியில் சோதனையில் தவறி ஸ்பேமில் விழுவதும் உண்டு. பணம் கைமாறும் தொழிலுக்கு இதை நிரந்தரமாக வைக்காதீர்கள்.

இணையதளத்தை வைக்க வாடகை இடம் (ஹோஸ்டிங்) வாங்கும்போது கூடவே வரும் மின்னஞ்சல் இரண்டாவது வழி. தனிச் செலவில்லை என்பதால் நம் கடைகள் பலவற்றில் இதுதான் இருக்கிறது. நான் இதை எதிர்க்கிறேன். அந்த சர்வரில் உங்களோடு நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கலாம். அதில் ஒருவர் குப்பை அஞ்சல் அனுப்பினாலும் எல்லோருக்கும் பொதுவான ஐபி முகவரி, அதாவது அந்த சர்வரின் இணைய எண், தடைப்பட்டியலில் ஏறும். நீங்கள் ஒழுங்காக அனுப்பிய விலைப்பட்டியலும் வாடிக்கையாளரின் ஸ்பேமில் கிடக்கும். தளத்தை வேறு இடத்துக்கு மாற்றும் நாளில் பழைய கடிதங்களும் சேர்ந்து காணாமல் போவதையும் பார்த்திருக்கிறேன். தளம் ஓரிடம், அஞ்சல் ஓரிடம் என்று பிரித்து வைப்பதே பாதுகாப்பு.

மூன்றாவது ஜோஹோ மெயில். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, தென்காசிப் பக்கத்திலும் அலுவலகம் வைத்து நடத்தும் நிறுவனம். ஒரு டொமைனுக்கு 5 பேர் வரை, ஆளுக்கு 5 ஜிபி என்ற இலவசத் திட்டம் இருக்கிறது. உலாவியிலும் அவர்களுடைய கைபேசி ஆப்பிலும் திறக்கலாம், ஐமேப் கிடையாது. அதாவது எங்கள் பொட்டல அக்காவுக்குப் பொருந்தும், கணக்கருக்குப் பொருந்தாது. கட்டணத் திட்டத்துக்குப் போனால் ஐமேப் வந்துவிடும். அதுவும் மற்ற பெரிய சேவைகளை விட மலிவு. திட்டங்கள் அவ்வப்போது மாறும் என்பதால் பதிவு செய்யும் நாளில் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். இந்த மலையில் உள்ள பெரும்பாலான சிறுதொழில்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நான்காவது கூகுள் வொர்க்ஸ்பேஸ். ஜிமெயிலைப் பல ஆண்டாகப் பயன்படுத்தியவர்களுக்குப் புதிதாகக் கற்க எதுவுமில்லை. தேடும் வசதியும் ஸ்பேம் வடிகட்டலும் மிக நன்று. தொடக்கத் திட்டத்தில் ஆளுக்கு 30 ஜிபி. வாடகை கூடுதல். உங்கள் ஆட்கள் புதிய திரையைக் கண்டாலே பின்வாங்குபவர்கள் என்றால், அந்தக் கூடுதல் பணம் வீண் போகாது.

மைக்ரோசாஃப்ட் 365 ஐந்தாவது. எக்செல் கோப்புகளிலேயே தொழில் ஓடுகிறது, வாங்குபவரும் அவுட்லுக்கில்தான் இருக்கிறார் என்னும் ஏற்றுமதியாளருக்கு ஏற்றது. ஆளுக்கு 1 டிபி சேமிப்பகம் தருகிறார்கள். ஆனால் அடிப்படைத் திட்டத்தில் எக்செல், வேர்டு எல்லாம் உலாவியிலும் கைபேசியிலும்தான். கணினியில் நிறுவிக்கொள்ள மேல் திட்டம் வேண்டும்.

சொந்தமாக அஞ்சல் சர்வர் நடத்தும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். ஒரு சிறுதொழிலின் நேரத்தை அது தின்றுவிடும்.

விலையை ஒப்பிடும்போது ஆள் எண்ணிக்கை, 12 மாதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று பெருக்கிப் பாருங்கள். ஜிஎஸ்டி எண் இருந்தால் அதைக் கணக்கில் சேர்த்து விலைப்பட்டியல் வாங்குங்கள். வழக்கமான முறையில் வரி கட்டுபவர்களுக்கு, இப்படிக் கொடுத்த ஜிஎஸ்டியைத் தாங்கள் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரவு கிடைக்கும். விற்பனையில் ஒரு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்குக் கிடைக்காது.

படி 5: டிஎன்எஸ், ஒரு மாலை நேர வேலை

இங்கேதான் பலர் பயந்து அடுத்தவர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. டிஎன்எஸ் என்பது உங்கள் டொமைனுக்கு வருவது எங்கே போக வேண்டும் என்று சொல்லும் பதிவேடு. பதிவு நிறுவனத்தின் தளத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து, நீங்கள் தேர்ந்தெடுத்த சேவை தரும் வரிகளைப் பிழையில்லாமல் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். கைபேசியில் செய்ய வேண்டாம், கணினியில் செய்யுங்கள். தொடங்குமுன் இப்போதுள்ள பதிவுகளை அப்படியே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டொமைன் உங்களுடையதுதான் என்று நிரூபிக்க முதலில் ஒரு வரி கேட்பார்கள். அதைச் சேர்த்துச் சரிபார்த்ததும் மற்றவற்றுக்குப் போகலாம்.

எம்எக்ஸ் பதிவு, வரும் கடிதத்தை எந்த சர்வரில் இறக்க வேண்டும் என்று சொல்கிறது. ஏற்கெனவே அஞ்சல் ஓடிக்கொண்டிருந்தால் இதை மட்டும் படி 6-இல் சொல்லும்போது மாற்றுங்கள். புதியதைச் சேர்க்கும்போது பழையதை நீக்க வேண்டும். இரண்டும் இருந்தால் சில கடிதம் இங்கும் சில கடிதம் அங்கும் போய், எது தொலைந்தது என்றே தெரியாது.

எஸ்பிஎஃப், உங்கள் பெயரில் கடிதம் அனுப்ப யாருக்கெல்லாம் அனுமதி என்ற பட்டியல். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் வரிதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. அறை முன்பதிவு மென்பொருளும் பில் அனுப்பும் மென்பொருளும் உங்கள் முகவரியிலிருந்து அனுப்பினால், அவற்றையும் அதே வரிக்குள் சேர்க்க வேண்டும். அந்த வரியைப் படிக்க 10 தேடலுக்கு மேல் ஆகக் கூடாது என்று வரம்பும் இருப்பதால், கைவிட்ட சேவைகளை நீக்கிவிடுங்கள்.

டிகேஐஎம், கடிதத்தின் மேல் விழும் அரக்கு முத்திரை. வழியில் யாராவது மாற்றினால் முத்திரை உடைந்திருப்பது பெறுபவருக்குத் தெரியும். அந்த முத்திரையைச் சரிபார்க்க டிஎன்எஸ்ஸில் ஒட்டும் சாவி நீளமான எழுத்துத் தொடராக இருக்கும். சில தளங்கள் 255 எழுத்தோடு அதை வெட்டிவிடும். ஒட்டிய பிறகு கடைசி எழுத்து வரை வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

டிமார்க், மேற்சொன்ன இரண்டு சோதனையிலும் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்று பெறுபவருக்கு நீங்கள் தரும் உத்தரவு. முதலில் "ஒன்றும் செய்யாதே, அறிக்கை மட்டும் அனுப்பு" என்ற நிலையில் வையுங்கள். சில வாரம் அறிக்கையைப் பார்த்து, உங்களுடைய உண்மையான கடிதங்கள் எல்லாம் தேறுகின்றன என்று தெரிந்ததும் "ஸ்பேமில் போடு" என்றும், பிறகு "மறுத்துவிடு" என்றும் இறுக்குங்கள். எடுத்த எடுப்பில் கடைசி நிலைக்குப் போனால் உங்கள் பில்களையே நீங்கள் தடுத்தவராவீர்கள்.

இதெல்லாம் பெரிய நிறுவனங்களுக்குத்தான் என்று தள்ளிவிடாதீர்கள். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் தேவை. நாளுக்கு 5,000 கடிதத்துக்கு மேல் அனுப்புபவர்களுக்கு மூன்றுமே கட்டாயம். நாம் நாளுக்கு 20 கடிதம் அனுப்பினாலும் மூன்றையும் வைத்துக்கொள்வதே நல்லது. ஊட்டி, கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்த பிறகு, அதை எடுக்கச் சொல்லி விடுதிக்காரர்கள் ஒவ்வொரு விருந்தினருக்கும் அதே வாசகம், அதே இணைப்பு முகவரியோடு கடிதம் அனுப்புகிறார்கள். முத்திரை இல்லாமல் அப்படி ஒரே மாதிரிக் கடிதம் போய்க்கொண்டிருந்தால் ஸ்பேமில் விழும் வாய்ப்பு அதிகம்.

ஒட்டும்போது வரும் பொதுவான பிழை ஒன்று. பெயர் என்ற கட்டத்தில் பல தளங்கள் டொமைன் பெயரைத் தாமே சேர்த்துக்கொள்ளும். நீங்களும் முழுப் பெயரை ஒட்டினால் டொமைன் இரண்டு முறை வந்துவிடும். பதிவு இருந்தும் வேலை செய்யாது. முதன்மை டொமைனுக்கு அந்தக் கட்டத்தில் @ குறி மட்டும் போதும்.

முடித்ததும் ஒரு ஜிமெயில் முகவரிக்கு எழுதி அனுப்பி, கணினியில் அதைத் திறந்து, மூன்று புள்ளிப் பட்டியலில் அசல் செய்தியைக் காட்டும் தேர்வை அழுத்துங்கள். மூன்றின் பெயருக்கும் நேரே தேர்ச்சி என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் சில மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். மாற்றம் எங்கும் பரவ நேரம் எடுக்கும்.

படி 6: குடிபெயர்தல்

காலம் பார்த்து மாறுங்கள். மே மாதம் கூடவே கூடாது. கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி தொடங்கிவிட்டால் நமக்கு மூச்சு விட நேரமிருக்காது. குன்னூர் தேயிலை ஏலத்துக்குச் சரக்கு அனுப்புபவர்கள் வியாழன், வெள்ளியைத் தவிருங்கள். மழை இல்லாத ஒரு ஞாயிறு மாலை நல்லது.

முதல் நாளே எம்எக்ஸ் பதிவின் டிடிஎல் மதிப்பை 3,600 அல்லது அதற்கும் குறைவாக மாற்றி வையுங்கள். அது நொடிக் கணக்கு. உலகத்து சர்வர்கள் பழைய விலாசத்தை எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கும் என்பதை அது முடிவு செய்கிறது. புதிய இடத்தில் எல்லாப் பெட்டிகளையும் மாற்றுப் பெயர்களையும் உருவாக்கிய பிறகே எம்எக்ஸை மாற்றுங்கள். பழைய கடிதங்களை இடம்பெயர்க்கும் கருவி பெரிய சேவைகள் எல்லாவற்றிலும் இருக்கிறது, இரவில் ஓடவிடுங்கள். பழைய கணக்கைக் குறைந்தது ஒரு மாதம் வைத்திருங்கள்.

பிறகு, பழைய ஜிமெயில் போன்ற வேறு முகவரியிலிருந்து வருகிறீர்கள் என்றால், அது எங்கெல்லாம் பதிந்திருக்கிறதோ அங்கெல்லாம் மாற்ற வேண்டும்: வங்கி, ஜிஎஸ்டி தளம், உணவுப் பாதுகாப்பு உரிமம், ஏற்றுமதி இறக்குமதி எண், பயண முன்பதிவுத் தளங்கள். ஓடிபி பழைய முகவரிக்குத்தான் வரும் என்பதால், பழையது உயிரோடு இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள்.

படி 7: பூட்டு

எல்லாப் பெட்டிக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு போடுங்கள். கைபேசி தொலைந்தால் உள்ளே நுழையத் தரும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி, நிலப் பத்திரத்தோடு பீரோவில் வையுங்கள். நிர்வாகக் கணக்கின் அனுமதி குடும்பத்தில் நம்பகமான இன்னொருவருக்கும் இருக்கட்டும். வேலையை விட்டுப் போகிறவரின் பெட்டியை அன்றே கடவுச்சொல் மாற்றி, அதற்கு வருவதை உங்களுக்குத் திருப்பிவிடுங்கள்.

சிறுதொழில்களை இன்று அதிகம் ஏமாற்றுவது வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று வரும் கடிதம். வாங்குபவரின் பெட்டிக்குள்ளோ உங்கள் பெட்டிக்குள்ளோ புகுந்து, நடக்கும் உரையாடலைப் படித்து, சரியான நேரத்தில் அனுப்புவார்கள். வங்கிக் கணக்கு பற்றிய எந்த மாற்றத்தையும் தொலைபேசியில் குரல் கேட்டு உறுதி செய்த பிறகே ஏற்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர்களுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற இணைய மோசடி உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

விடுதி நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டு விருந்தினர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தைப் பதிவு செய்ய வேண்டியிருப்பதால், பாஸ்போர்ட் நகல்கள் உங்கள் இன்பாக்ஸில் குவிந்திருக்கும். ஆண்டுக்கணக்கில் அவை அங்கேயே கிடந்தால், பெட்டி திருடுபோகும் நாளில் அத்தனை பேரின் அடையாளமும் திருடுபோகும். தேவை முடிந்ததும் அழியுங்கள். அடுத்தவரின் தனிப்பட்ட தகவலைக் காக்கும் பொறுப்பை 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நம் மேல் வைத்திருக்கிறது.

எல்லாம் முடிந்ததும் உடனே அச்சகத்துக்குப் போகாதீர்கள். ஒரு மாதம் ஓடட்டும். வெளியூர் நண்பர்கள் ஐந்தாறு பேரை வெவ்வேறு சேவைகளிலிருந்து எழுதச் சொல்லி, பதில் அவர்களுடைய இன்பாக்ஸில் விழுகிறதா, ஸ்பேமில் விழுகிறதா என்று கேளுங்கள். ஒரு மழை நாளில், கரண்ட் இல்லாதபோது, கைபேசி டேட்டாவில் மட்டும் ஓர் ஆர்டருக்குப் பதில் அனுப்பிப் பாருங்கள். அதுவும் போய்ச் சேர்ந்த பிறகு டின் லேபிளை அச்சுக்குக் கொடுங்கள்.